கொழும்பில் மெல்லிய தோசை: அரிசி வாங்குவதில் இருந்து கல்லில் சுடுவது வரை

இணையத்தில் கிடைக்கும் தோசைக் குறிப்புகளில் பலவற்றை எழுதியவர்கள் குளிரான ஊர்களில் இருப்பவர்கள். சூடான இடம் தேடி மாவை வையுங்கள், 14 மணித்தியாலம் விடுங்கள், பொங்காவிட்டால் இன்னும் விடுங்கள் என்பார்கள். அதை அப்படியே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ செய்தால் காலையில் மூடியைத் திறக்கும்போதே புளித்த வாடை அடிக்கும். அந்த மாவில் சுடும் தோசை சிவக்காது, நடுவில் கிழியும், வாயில் வைத்தால் புளிப்பு மட்டும்தான். கொழும்பில் மா புளிக்காமல் போவது அரிது. அளவுக்கு மேல் புளிப்பதும், அரைக்கும்போதே மா சூடாவதும்தான் இங்கே தோசையைக் கெடுக்கின்றன. கீழே உள்ள நேரங்களும் அளவுகளும் இந்த ஊர்ச் சூட்டுக்கு ஏற்றவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது சைவக் கடைகளில் கிடைப்பதுபோல மெல்லியதாக, சிவந்து மொறுமொறுப்பாக வரும் தோசைக்கான வழி. மஞ்சளும் தாளிதமும் சேர்த்து மெத்தென்று சுடும் யாழ்ப்பாணத் தோசைக்கு அளவும் பதமும் வேறு. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

1. நேரத்தை முதலில் ஒதுக்குங்கள்

அரிசி ஊற 4 முதல் 5 மணித்தியாலம், உளுந்து ஊற ஒன்றரை மணித்தியாலம், அரைக்க முக்கால் மணித்தியாலம், புளிக்க 8 முதல் 9 மணித்தியாலம், அதன்பின் பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம். ஏறத்தாழ 16 மணித்தியாலத்துக்கு முன் நல்ல தோசை கிடையாது. உங்கள் கை வேலை அதில் ஒரு மணித்தியாலம்தான்.

விடுமுறை நாளில் இப்படி வையுங்கள்: பகல் 2 மணிக்கு அரிசி, மாலை 5 மணிக்கு உளுந்து, 6.30க்கு அரைக்கத் தொடங்கி 8 மணிக்குள் மூடி வைத்தல், விடிய 5 மணிக்கு மூடியைத் திறந்து பார்த்தல்.

வேலைக்குப் போகிறவர்கள் காலை 7 மணிக்கு அரிசியையும் உளுந்தையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஊறப்போட்டு பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போகலாம். குளிரில் ஊறுவது மெதுவாக நடப்பதால் 11, 12 மணித்தியாலம் கிடந்தாலும் கெடாது. வெளியில் அவ்வளவு நேரம் கிடந்தால் உளுந்து நுரைத்து நாறத் தொடங்கிவிடும். பிரிட்ஜில் ஊறவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு, அது அரைக்கும் இடத்தில் வரும்.

2. பொருட்கள்

25 சென்ரிமீற்றர் அகலத்தில் 22 முதல் 24 தோசைக்கு:

நாட்டரிசி, புழுங்கல்: 400 கிராம்
வெள்ளைப் பச்சை அரிசி: 200 கிராம்
வெள்ளை உளுந்து: 150 கிராம்
அவல்: 40 கிராம்
கடலைப் பருப்பு: 20 கிராம்
வெந்தயம்: 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி
உப்பு: 15 கிராம்

கப் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கப்பும் ஒவ்வோர் அளவு. சின்னத் தராசு ஒன்று இருந்தால் முதல் தடவையிலேயே மா சரியாக வரும்.

அரிசியில் இரண்டு வகை சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. பச்சை அரிசி மொறுமொறுப்பைத் தரும், ஆனால் அதை மட்டும் போட்டால் தோசை அப்பளம்போல உடையும். புழுங்கல் மாவைப் பொங்கவைத்து, தோசையைக் கிழியாமல் மடிக்க விடும். நாட்டரிசி கிடைக்காவிட்டால் சம்பாப் புழுங்கல் போதும். கீரிச் சம்பாவுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை, அதன் மணமும் சுவையும் புளித்த மாவில் தெரியாது. பாஸ்மதி வேண்டவே வேண்டாம். சிவப்புப் பச்சை அரிசி போட்டால் நல்ல சுவை வரும், ஆனால் நிறம் முதலிலேயே மண்ணிறமாக இருப்பதால் தோசை வெந்ததா சிவந்ததா என்று புதியவருக்குப் பிடிபடாது. கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளில் இந்தியாவில் இருந்து வரும் இட்லி அரிசி பக்கற்றில் கிடைக்கலாம். அதை வாங்கினால் 600 கிராமும் அதுவாகவே போடலாம். விலை உள்ளூர் அரிசியைவிடக் கூட. அந்த விலைக்கேற்ற வித்தியாசம் இட்லியில் தெரியும், மெல்லிய தோசையில் தெரியாது.

புது அரிசியைக் கவனியுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கடைக்கு வரும் புது அரிசி பசைத்தன்மை கூடியது, கல்லில் ஒட்டும். பழைய அரிசி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். புறக்கோட்டையில் மூட்டையில் இருந்து நிறுத்து வாங்கினால் கல் அரித்துத்தான் ஊறப்போட வேண்டும்.

இனி உளுந்து. இந்த வேலையில் விலை கூடிய பொருள் இதுதான், கிலோ விலை அரிசியைவிடப் பல மடங்கு. மாவின் தரம் முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது, ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. தோல் நீக்கிய முழு உளுந்து கிடைத்தால் அதையே வாங்குங்கள், உடைத்ததைவிட நன்றாக நுரைக்கும். பக்கற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் வெள்ளைத் தூள் தங்கியிருந்தாலோ, பருப்பு மங்கிய மஞ்சளாக இருந்தாலோ அது நாள்பட்டது. நாள்பட்ட உளுந்து எவ்வளவு அரைத்தாலும் பொங்காது. கொழும்புக் கடைகளில் இன்னொரு பொறியும் உண்டு: வறுத்த உளுந்தும் உளுத்தம்மாவும் அதே தட்டில் இருக்கும். பிட்டுக்கும் களிக்கும் அவை நல்லவை. தோசைக்கு உதவாது, வறுத்த உளுந்தில் நுரை பிடிக்கும் தன்மை போய்விடும்.

சிங்களக் கடைக்காரரிடம் வாங்குவதானால் உளுந்தை உந்து என்றும், வெந்தயத்தை உலுஹால் என்றும், அவலை ஹபல பெத்தி என்றும், வெள்ளைப் பச்சை அரிசியை சுது கெக்குலு என்றும் கேளுங்கள். ஊருக்குப் புதியவர்கள் அதிகம் மாறி வாங்குவது அரிசியைத்தான். வெள்ளையாக இருப்பதெல்லாம் பச்சை அரிசி என்று நினைத்துவிடுவார்கள். புழுங்கலா பச்சையா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மாதத்துக்கு இரண்டு கிலோ உளுந்துக்கு மேல் தேவைப்படும் வீடு என்றால் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்கு ஒருமுறை போய்வருவது இலாபம். அதைவிடக் கொஞ்சமாக வாங்க அங்கே போனால் அலைச்சலுக்கே காசு போய்விடும். எங்கே வாங்கினாலும் காற்றுப்புகாத போத்தலில் போட்டு வையுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளின் ஈரப்பதனில் பருப்புக்குச் சீக்கிரம் பூச்சி பிடிக்கும்.

3. எதில் அரைப்பது

கல் கிரைண்டர் இருந்தால் நல்லது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மா சூடாகாது, காற்றும் உள்ளே போகும். வாரத்துக்கு ஒரு தடவை தோசை சுடும் வீட்டுக்கு மிக்சி போதும், 550 வாட்டுக்குக் குறையாததாக இருந்தால். பழச்சாறு அடிக்கும் பிளெண்டரில் முயலாதீர்கள். அலகுக்குக் கீழே அரிசி அப்படியே நிற்கும், மோட்டர் எரியும்.

மின்கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 150 வாட் கல் கிரைண்டர் 45 நிமிடம் ஓடினால் 0.11 அலகு மின்சாரம். 750 வாட் மிக்சி மொத்தமாக 8 நிமிடம் ஓடினால் 0.1 அலகு. இரண்டும் ஒன்றுதான்.

இந்தியாவில் இருந்து கிரைண்டர் கொண்டுவருபவர்கள் பிளக்கைப் பாருங்கள். அங்குள்ளது உருண்டை ஊசி, இங்கே சுவரில் பெரும்பாலும் இருப்பது சதுர ஊசிக்கான துளை. மலிவான மாற்றியைச் செருகி ஓட்டினால் தளர்ந்து சூடாகும். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு நிலக்கம்பியோடு சேர்த்துப் பிளக்கையே மாற்றிவிடுங்கள். ஈரக் கையோடு தொடும் கருவி இது.

4. ஊறவைத்தல்

அரிசி இரண்டு வகையையும் சேர்த்து, தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து தடவை கழுவுங்கள். வெந்தயத்தையும் கடலைப் பருப்பையும் அதிலேயே போட்டு, மேலே மூன்று விரல் உயரம் தண்ணீர் விட்டு மூடுங்கள். அவலை அரைப்பதற்கு அரை மணித்தியாலம் முன் தனியாக நனைத்தால் போதும்.

உளுந்தை இரண்டு தடவைக்கு மேல் கழுவ வேண்டாம். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் வெளியில் இருந்து நாம் சேர்ப்பவை அல்ல. லியூக்கோனொஸ்டொக் மெசென்டரொயிட்ஸ் முதலான பக்டீரியாக்கள் உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகின்றன. உளுந்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் அவற்றில் ஒரு பகுதியை நாமே வடித்து ஊற்றிவிடுகிறோம். கழுவியபின் ஊறுவதற்கு விடும் தண்ணீர் குடிக்கும் தண்ணீராக இருக்கட்டும். அந்த ஊறல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், அரைக்கும்போது அதுதான் வேண்டும்.

வெந்தயத்தைக் கூட்டாதீர்கள். ஒரு தேக்கரண்டி மாவை வழுவழுப்பாக்கி, தோசைக்குப் பொன்னிறம் தரும். இரண்டு தேக்கரண்டி போட்டால் கசக்கும், தோசையும் மெத்தென்று ஆகிவிடும்.

5. அரைத்தல்

முதலில் உளுந்து. இந்த ஒரு படியில் அவசரப்படாதவருக்கு மற்றப் படிகள் எல்லாம் இலேசாக நடக்கும்.

மிக்சியில் அரைப்பவர்கள் உளுந்தை வடித்து, ஊறல் தண்ணீரோடு அரை மணித்தியாலம் பிரிட்ஜில் குளிரவையுங்கள். பிரிட்ஜிலேயே ஊறவைத்தவர்களுக்கு இந்த வேலை மிச்சம். 150 கிராம் உளுந்தை இரண்டு பங்காக்கி, முதற்பங்கை 80 மில்லிலீற்றர் குளிர்ந்த ஊறல் தண்ணீரோடு போடுங்கள். 40 விநாடி ஓட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, பக்கங்களை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தண்ணீரை இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு மேசைக்கரண்டியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். முழு உளுந்துக்கும் சேர்த்து 300 முதல் 350 மில்லிலீற்றர் வரை இழுக்கும். ஜாரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால் நிறுத்தி, இரண்டு ஐஸ் கட்டி போடுங்கள். சூடேறிய உளுந்து மா நுரையை விட்டுவிடும், இரவு முழுக்க வைத்தாலும் எழும்பாது.

கல் கிரைண்டரில் 25 முதல் 30 நிமிடம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். ஆரம்பத்திலேயே முழுவதையும் ஊற்றினால் பருப்பு கல்லுக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருக்கும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி. கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அதற்குள் அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டு விடுங்கள். நன்றாக அரைபட்டிருந்தால் சொட்டு உருண்டையாக மேலே மிதக்கும், விரலால் அமுக்கினாலும் திரும்பி மேலே வரும். அடியில் போய்க் குந்தினால் இன்னும் காற்று ஏறவில்லை. கலைந்து தண்ணீர் பாலாகிவிட்டால் தண்ணீரைக் கூட விட்டுவிட்டீர்கள். அதை இனித் திருத்த முடியாது, இட்லியை மறந்துவிட்டுத் தோசைக்கு மட்டும் பாவியுங்கள்.

பிறகு அரிசி. அவலையும் இதோடு சேர்த்து 350 முதல் 400 மில்லிலீற்றர் தண்ணீரில் அரையுங்கள். மிக்சியில் மூன்று பங்காக. மெல்லிய தோசைக்கு அரிசி நைசாக அரைபட வேண்டும். இரு விரலுக்கிடையில் தேய்த்தால் மென்மணல் போல ஒரு நெருடல் தெரியலாம், குருணை தெரியக்கூடாது. இட்லிக்குச் சொல்லப்படும் ரவைப் பதத்தில் நிறுத்தினால் கரண்டியால் இழுக்கும் இடத்தில் எல்லாம் தோசை கிழியும்.

கடைசியாக இரண்டு மாவையும் உப்பையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, சுத்தமான கையால் இரண்டு நிமிடம் கலவுங்கள். உப்பை நிறுத்துப் போடுவது நல்லது, ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் ஒரே எடை அல்ல. அயடின் சேர்த்த உப்பில் மா புளிக்காது என்பார்கள், அப்படி ஒன்றும் இல்லை. சில ஊர்களில் உப்பைக் காலையில் போடுவார்கள். உப்பு புளிப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கும் என்பதால் கொழும்பில் இரவே போட்டுவிடுவதுதான் நமக்கு நல்லது.

6. புளிக்க வைத்தல்

கையில் மொத்தம் 1.8 கிலோ மா இருக்கும். 4 லீற்றர் பிடிக்கும் பாத்திரத்தில் வையுங்கள். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் விடியும்போது மேசையில் வழிந்திருக்கும். மூடியை இறுக்க வேண்டாம், தட்டொன்றால் மூடினால் போதும். கீழே ஒரு தாம்பாளம் வைத்தால் எறும்பும் ஏறாது, வழிந்தாலும் துடைக்கும் வேலை குறையும்.

சாதாரண நாளில் 8 முதல் 9 மணித்தியாலம். மார்ச், ஏப்ரல் வெக்கையில் 6 முதல் 7 மணித்தியாலத்திலேயே ஆகிவிடும், ஆகவே அந்த மாதங்களில் இரவு 10 மணிக்குப் பின் மூடி வையுங்கள். அடைமழை நாட்களிலும் டிசம்பர், ஜனவரி விடியற்காலைக் குளிரிலும் 10, 11 மணித்தியாலம் போகலாம். ஏசி ஓடும் அறையில் வைக்காதீர்கள். தொடர்மாடிகளில் மேல்மாடிச் சமையலறை இரவிலும் சூடாக இருக்கும், அங்கே கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள்.

மா ஒன்றரை மடங்கு எழும்பி, மேலே சின்னச் சின்னக் குமிழ்கள் நிற்க வேண்டும். கரண்டியை விட்டுத் தூக்கினால் உள்ளே வலைபோல ஓட்டைகள் தெரியும், இலேசான புளிப்பு மணம் வரும். அந்த நேரத்தில் பிரிட்ஜுக்குள் போகட்டும். இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. உச்சிக்குப் போன மா நடுவில் குழிந்து இறங்கும். அதற்குள் அதிலிருந்த சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்றுவிட்டிருக்கும். சர்க்கரை போனால் தோசைக்கு நிறம் வராது.

பிரிட்ஜில் குறைந்தது ஒரு மணித்தியாலம் இருந்த மா மெல்லியதாக இழுக்க இலகு. உண்மையில் இரண்டாம் நாள் மாவில்தான் தோசை மிக நன்றாக வரும். நான்கு நாள் வரை வைக்கலாம். சுடுவதற்குத் தேவையானதை மட்டும் வேறு கிண்ணத்தில் எடுங்கள், முழுப் பாத்திரத்தையும் வெளியில் வைத்து வைத்து எடுத்தால் இரண்டே நாளில் புளித்துவிடும். மேலே இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ பொட்டுத் தெரிந்தால், பூஞ்சணம் கண்டால், முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே வழித்துவிட்டுக் கீழே உள்ளதைப் பாவிக்கக்கூடாது.

அப்பச் சோடா தேவையில்லை. பொங்காத மாவுக்கு அதைப் போட்டால் தோசையில் திட்டுத்திட்டாகக் கருஞ்சிவப்பும் சவர்க்காரச் சுவையும்தான் மிஞ்சும்.

7. பதம்

புளித்த மா கெட்டியாக இருக்கும். எடுத்த மாவில் ஒரு கிண்ணத்துக்கு, அதாவது 250 மில்லிலீற்றருக்கு, இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். கரண்டியில் அள்ளிச் சரித்தால் அறாமல் நாடாபோல விழுந்து, விழுந்த தடம் மூன்று விநாடியில் மறைய வேண்டும். தடம் அப்படியே நின்றால் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர். விழுந்தவுடன் மறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது, ஒரு மேசைக்கரண்டி அரிசிமா தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். கோதுமைமா போட்டுக் கெட்டியாக்காதீர்கள், மெல்லிய தோசையில் அது தோல்போல இழுபடும்.

சிவந்த நிறம் வேண்டுமானால் இந்தக் கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி சீனி போடலாம். மூன்றாம் நாள் மாவுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

8. கல்

வார்ப்பு இரும்புக் கல்தான் இதற்கு ஏற்றது. 28 முதல் 30 சென்ரிமீற்றர், நடுவில் குழியாத தட்டையான கல். புதுக் கல்லை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் பூசி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தபின்பும் முதலில் சுடும் இரண்டு மூன்று தோசை ஒட்டத்தான் செய்யும். கடல்காற்று அடிக்கும் வீடுகளில் ஒரே இரவில் துரு பிடிக்கும், சுட்டு முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவிக் கடதாசியில் சுற்றி வையுங்கள். அந்தக் கல்லில் ரொட்டியோ முட்டையோ போடாதீர்கள்.

ஒட்டாத பூச்சுக் கல் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: எண்ணெய் தடவி மா ஊற்றினால் மா கல்லில் பிடிக்காமல் கரண்டியோடு சேர்ந்து சுற்றும். அதில் முதலில் எண்ணெய் தடவவே வேண்டாம்.

அனெக்ஸ் வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருக்கும் இடங்களில், சுருளைவிடப் பெரிய கல் வாங்கினால் நடுவட்டம் கருகி ஓரம் பச்சையாக நிற்கும். 24 சென்ரிமீற்றர் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நடுத்தரச் சூட்டில் ஐந்து நிமிடம் கல்லைக் காயவிட்டுத் தொடங்குங்கள்.

9. சுடுதல்

கல் காய்ந்ததும் தண்ணீர் தெளியுங்கள். சுர் என்று இரைந்து இரண்டு மூன்று விநாடியில் வற்ற வேண்டும். துளிகள் முத்துப்போல உருண்டோடினால் கல் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிட்டது. இந்தச் சூட்டில் ஊற்றிய மா விழுந்த இடத்திலேயே இறுகி, கரண்டியோடு கிளம்பி வரும். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் இறங்கிவிடும். பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுக் கல்லைத் தேய்த்து, எண்ணெய்ப் பளபளப்பு தெரியாமல் துடைத்து எடுங்கள்.

அடுப்பைக் குறைத்துவிட்டு, அடி தட்டையான கரண்டியால் 75 மில்லிலீற்றர் மாவை நடுவில் ஊற்றுங்கள். கரண்டியின் அடி மாவின் மேல் மிதக்கட்டும், கல்லைத் தொடக்கூடாது. நடுவில் இருந்து வட்டம் வட்டமாக, ஒரு வட்டம் மற்றதில் பாதி ஏறும்படி, நிறுத்தாமல் வெளியே கொண்டுபோங்கள். ஏழெட்டு விநாடியில் முடிய வேண்டும். அதற்குமேல் எடுத்தால் அடிமா வெந்துவிடும், பிறகு இழுத்தால் கிழியும். ஓட்டை விழுந்தால் அப்படியே விடுங்கள், மா விட்டு அடைத்த இடம் தடிப்பாகி மற்ற இடம் கருகும் வரைக்கும் வேகாது.

விரித்தவுடன் அடுப்பைக் கூட்டுங்கள். மேற்பரப்பில் ஈரம் மங்கியதும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது நெய்யை ஓரத்திலும் மேலேயும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முன்கூட்டி விட்டால் எண்ணெயில் மா அவியும், மொறுமொறுப்பு வராது. வட்டக் கோடுகள் தடிப்பாகத் தெரிந்தால் இந்த நேரத்தில் தட்டகப்பையால் இலேசாகச் சுரண்டி எடுத்துவிடலாம். ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும்பும். எழும்பாத தோசையை இடிக்காதீர்கள், அது இன்னும் வேகவில்லை. இவ்வளவு மெல்லிய தோசையைப் புரட்டிப் போட வேண்டியதில்லை, மேற்பக்கம் ஆவியிலேயே வெந்திருக்கும். சுருட்டி எடுத்துத் தட்டில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ மூடி வைத்தாலோ ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும், ஆகவே சாப்பிடுபவர் முதலில் வந்து உட்காரட்டும்.

ஒவ்வொரு தோசைக்கும் முன் கல்லைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பதை விடாதீர்கள். முதல் தோசை நன்றாக வந்து நாலாவது கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கல் கூடச் சூடானதுதான்.

10. பிழைத்தால் எங்கே பார்ப்பது

மா எழும்பவே இல்லை: உளுந்து நாள்பட்டது, அல்லது மிக்சியில் சூடாகிவிட்டது. இன்னும் இரண்டு மணித்தியாலம் பாருங்கள், அதற்கு மேல் வைப்பதில் பயனில்லை. அந்த மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வெட்டிப் போட்டுத் தடித்த தோசையாகச் சுட்டுவிடலாம்.

தோசை வெள்ளையாகவே நிற்கிறது: மா கூடப் புளித்துவிட்டது, அல்லது கல்லில் சூடு போதாது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கல் சரியென்றால் சீனியும் ஒரு மேசைக்கரண்டி கடலைமாவும் சேருங்கள்.

மெல்லியதாக வருகிறது, ஆனால் தோல்போல இழுபடுகிறது: உளுந்து கூடிவிட்டது. மறுமுறை 130 கிராமாகக் குறையுங்கள். இந்த மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசிமா.

உடைகிறது, மடிக்க முடியவில்லை: பச்சை அரிசி கூடிவிட்டது, அல்லது அரிசி நைசாக அரைபடவில்லை. பாதி மாவை மறுபடி மிக்சியில் 20 விநாடி ஓட்டிக் கலந்தால் ஓரளவு சரியாகும்.

ஒரே இடத்தில் மட்டும் ஒட்டுகிறது: பிழை மாவில் இல்லை, கல்லில். அந்த இடத்தை உப்புத்தூள் போட்டுத் துணியால் தேய்த்து, எண்ணெய் பூசிப் புகைய விட்டு மறுபடி சுடுங்கள்.

கடையில் பக்கற்றில் வாங்கிய மா என்றால் திகதியைப் பாருங்கள், உப்பிப் பந்தாக நிற்கும் பக்கற்றை எடுக்காதீர்கள். ஒரு கிலோவில் மெல்லிய தோசை 12 அல்லது 13 வரும். அந்த விலையையும், 600 கிராம் அரிசிக்கும் 150 கிராம் உளுந்துக்கும் அன்றைக்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வாங்குவதா அரைப்பதா என்று முடிவு செய்யுங்கள். வாங்கிய மாவில் பெரும்பாலும் தண்ணீர் கூட இருக்கும், ஆகவே ஏழாம் படியில் சொன்ன நாடாச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டே கல்லில் ஊற்றுங்கள்.